திறக்கலாமா

மலையடிவாரத்தில் ஓர் அணை. அந்த அணையில் ஒரு குருவும் ஒரு சிஷ்யையும் இருந்தார்கள்.

காவி, கமண்டலம் எதுவும் கிடையாது. குரு ஆவுடையம்மாள், அணையின் செயற்பொறியாளர். சிஷ்யை ஜெபராணி, அவளுக்கு அடுத்த நிலையில் இருந்த பொறியாளர். இருவரும் திருநெல்வேலியில் ஒரே கல்லூரியில் படித்தவர்கள். ஆவுடையம்மாள் கொஞ்சம் மூத்தவள், அவ்வளவுதான். நாற்பதைத் தாண்டிய இரண்டு பெண்கள் சாப்பாட்டு வேளையில்கூடக் கேள்வியும் பதிலுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்து ஊழியர்கள் வைத்த பெயர் அது. கேலிக்குத்தான் வைத்தார்கள். கேலி பழகிப் பட்டமாகி, கடைசியில் நிஜமாகவே ஆகிவிட்டது.

ஜெபராணிக்கு வெள்ளக் கணக்கு தண்ணீர் பட்ட பாடு. மலையில் இவ்வளவு மழை பெய்தால் அணைக்கு எப்போது, எவ்வளவு வந்து சேரும் என்று அவள் சொன்னால் சொன்னதுதான். ஆனால் அதைச் சொல்லும் விதம் ஒன்று இருக்கிறதே. கூட்டத்தில் எழுந்து நின்று, "சாயங்காலம் வரத்து கூடும்னு வச்சுக்கிடலாமா சார்?" என்பாள். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் உதவிப் பொறியாளர் ரத்தினவேல், அவளைவிட இளையவன், "சாயங்காலம் வரத்து கூடும் சார்" என்பான். பாராட்டு அவனுக்குப் போகும். அவனைக் குற்றம் சொல்வதற்கில்லை. அவள் கேள்வி கேட்டாள், அவன் பதில் சொன்னான்.

அந்த ஐப்பசியில் ஆவுடையம்மாளுக்குச் சென்னைக்கு மாற்றல் வந்தது. அணையை யாரிடம் விடுவது என்று மேலிடம் கேட்டது. அவள் ஒரே ஒரு பெயரைத்தான் சொன்னாள். அணை கட்டிய நாள்முதல் அந்த நாற்காலியில் உட்கார்ந்த முதல் பெண் ஆவுடையம்மாள். இரண்டாவது பெண்ணாக உட்கார ஜெபராணி சரி என்று சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

ஜெபராணிக்குப் பயம்.

பல்லிக்கும் பாம்புக்கும் பயப்படுகிறவள் இல்லை. இது வேறு. சும்மா குழாயைத் திறந்தால்கூடத் தண்ணீர்ச் சத்தத்தில் நெஞ்சு திடுக்கென்றது. வீட்டில் மூத்த மகள், "என்னம்மா, பேயடிச்ச மாதிரி இருக்க?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றாள் ஜெபராணி. ஒன்றுமில்லை என்று சொல்லிச் சொல்லியே ஒரு வாரம் போனது.

பொறுக்க முடியாமல் ஒரு மாலையில் அணையின் மேல் நடந்துகொண்டிருந்தபோது வாயைத் திறந்தாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கணும்."

ஆட்கள் இருந்தால் மேடம். தனியாக இருந்தால் அக்கா.

"கேளு."

"பயம் எப்பக்கா போகும்?"

"எந்தப் பயம்?"

"ஷட்டரத் திறன்னு சொல்லுத பயம். நான் சொல்லி, கீழ யாராவது..." முடிக்காமல் கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டாள்.

"உனக்கா கணக்கு தெரியாது?"

"கணக்குல எனக்கு என்ன பயம்? தப்பினா அடிச்சிட்டுத் திரும்பப் போடுவேன். தண்ணிய விட்டுட்டுத் திரும்பக் கூப்பிட முடியுமா?"

ஆவுடையம்மாள் கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

"இன்னொண்ணும் இருக்கு. ரத்தினவேல் தப்பு பண்ணினா, ரத்தினவேல் தப்பு பண்ணிட்டான்னு சொல்லுவாங்க. நான் பண்ணினா, பொம்பளைய உக்கார வச்சா இப்படித்தாம்பாங்க. எனக்குப் பின்னால வார ஒரு பிள்ளைக்கும் இந்த நாற்காலிய குடுக்க மாட்டாங்க. போன வாரம் பஸ்ஸுல அணையப் பாக்க வந்துச்சே, இன்ஜினியரிங் படிக்க பிள்ளைங்க, அதுல ஒருத்தி கேட்டா. திறக்கச் சொல்லுதது யாரு மேடம், நீங்களான்னு."

"என்ன சொன்ன?"

"உங்க ரூமக் கைகாட்டிட்டு வந்துட்டேன்."

அதைச் சொல்லும்போது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

"பயம் போகட்டும்கா. போனதும் பொறுப்ப ஏத்துக்கிடுதேன். எப்பப் போகும்னு மட்டும் சொல்லுங்க. அதுவரைக்கும் ரத்தினவேல் இருக்கலாமா?"

குரு மலையைப் பார்த்தாள். உச்சியில் மேகம் இறங்கிக்கொண்டிருந்தது.

"மழை வரப்போவுது. வா, உள்ள போவோம்."

அது பதிலா, பதிலைத் தள்ளிப்போட்டதா என்று ஜெபராணிக்குப் புரியவில்லை. குருமார்களிடம் இது ஒரு தொந்தரவு.

மறுநாள் காலையிலேயே பிடித்துக்கொண்டது. சாதாரண மழை இல்லை. மலையே கண்ணுக்குத் தெரியவில்லை. மத்தியானமா, பொழுது சாய்ந்துவிட்டதா என்று சொல்ல முடியாத ஒரு வெளிச்சம். கட்டுப்பாட்டு அறையின் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து ரத்தினவேலுக்குக் கை வலித்தது.

அணையின் உள்சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. தண்ணீர் அதைத் தொட்டுவிட்டால் பக்கத்து மண்கரை கரையத் தொடங்கும். மண்கரை போனால் கீழே ஊர்கள் போகும். அதனால் கோட்டைத் தொடுவதற்கு முன்னால் ஷட்டர்களைத் திறந்துவிட வேண்டும். திறந்துவிட்டால் ஆற்றில் வெள்ளம் இறங்கும். ஆற்றின் குறுக்கே, மலை வளைவுக்கு அப்பால், அறையிலிருந்து கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஒரு தரைப்பாலம். வெள்ளம் இறங்கும்போது அதன்மேல் ஆள் இருக்கக் கூடாது. இவ்வளவுதான் அந்த அணையின் சாத்திரம்.

அபாயச் சங்கு ஊதியாகிவிட்டது. ஆனால் வருஷா வருஷம் ஊதிய சங்கு அது. சங்குக்கும் வெள்ளத்துக்கும் நடுவில் எவ்வளவு நேரம் கிடைக்கும் என்று ஜனங்கள் தங்களுக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார்கள்.

தொலைபேசி அடித்தது. கீழே ஊராட்சி அலுவலகத்திலிருந்து. பிசான நெல் நடவுக்குப் போன பெண்கள் கூட்டம் கூட்டமாகப் பாலத்தைக் கடந்துகொண்டிருக்கிறார்கள். போலீஸ் ஜீப் வருகிற வழியில் மரம் விழுந்து கிடக்கிறது.

ஆவுடையம்மாள் மழைக்கோட்டை எடுத்து மாட்டினாள்.

"நான் கீழ போறேன்."

"அக்கா..." ரத்தினவேல் நிற்பது நினைவுக்கு வந்து ஜெபராணி திருத்திக்கொண்டாள். "மேடம், நான் போறேன். நீங்க இங்கன இருந்து சொல்லுங்க."

"நீ போனா, கொஞ்சம் வெரசாப் போகலாமாம்மான்னு கேப்ப. அவளுவ நின்னு உங்கூடப் பேசிக்கிட்டு இருப்பாளுவ."

ரத்தினவேல் சிரித்தான். ஜெபராணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"எப்பத் திறக்கணும் மேடம்?"

"நீ சொல்லும்போது."

"நீங்க பாலத்துல நிக்கும்போது நான் எப்படிச் சொல்ல?"

ஆவுடையம்மாள் மேசையிலிருந்த வாக்கி டாக்கிகளில் ஒன்றை எடுத்து அவள் கையில் வைத்தாள். இன்னொன்றைத் தன் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினாள். அவளுடைய ஜீப் போகிற சத்தத்தை மழை உடனே விழுங்கிவிட்டது.

ஜெபராணி நாற்காலியில் உட்காரவில்லை. பக்கத்தில் நின்றாள்.

ஷட்டர்களை ஏற்றி இறக்குகிற ஊழியரை அங்கே லஸ்கர் என்பார்கள். அன்றைக்கு ஷட்டர் மேடையில் நின்றவர் பேச்சிமுத்து, வேலையில் பழுத்தவர். அவர் கையிலும் ஒரு வாக்கி. எல்லா வாக்கிக்கும் ஒரே அலைவரிசை, ஒருவர் பேசினால் அத்தனை பேருக்கும் கேட்கும். பொத்தானை அமுக்கிக்கொண்டு பேச வேண்டும். விரலை எடுத்தால் பேச்சு அறுந்துவிடும்.

முதலில் ஆவுடையம்மாளின் குரல் தெளிவாக வந்தது.

"பாலத்துக்கு வந்தாச்சு. நிறைய பேரு வாராங்க."

கொஞ்சம் கழித்து, "அந்தக் கரையில இன்னும் ஒரு கூட்டம் நிக்கி. நான் நடுவுல போறேன்."

அதற்கப்புறம் கரகரப்பு. அதற்கப்புறம் அதுவும் இல்லை.

"மேடம்?" என்றாள் ஜெபராணி. பதில் இல்லை. "மேடம், கேக்குதா?"

மலை வளைவில் வாக்கி எடுக்காமல் போவது வழக்கம்தான். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் இன்னொரு முறை கூப்பிட்டாள். பாலத்தின் நடுவில் நிற்கிறேன் என்று சொல்லிவிட்டு ஒரு குரல் நின்றுபோனால் எப்படி இருக்கும்?

நீர்மட்டம் கோட்டுக்கு ஒரு சாண் கீழே வந்தது. தண்ணீர் அணைக்குள் கலங்கிச் சிவந்து, மரக்கிளைகளைச் சுமந்துகொண்டு, சத்தமே இல்லாமல் ஏறியது. சத்தம் போட்டிருந்தாலாவது தேவலை.

"மேடம், நேரமாகுது" என்றான் ரத்தினவேல்.

"இன்னும் இடம் இருக்கு."

"எவ்வளவு?"

அவளுக்குத் தெரியும். மழை இதே வேகத்தில் பெய்தால் எப்போது கோட்டைத் தொடும் என்று மனசுக்குள் கணக்கு ஓடிக்கொண்டேதான் இருந்தது. அவகாசம் இருந்தது. ஆனால் அந்த அவகாசத்தைத் தன் தலையில் மட்டும் வைத்துக்கொண்டு நிற்க அவளால் முடியவில்லை. யாராவது ஒருவர் ஆமாம் என்றோ, வேண்டாம் என்றோ சொன்னால் போதும். தப்பானால் அந்த ஆமாமில் பாதியாவது அவர்களுடையது.

வாக்கியைத் தூக்கினாள். பொத்தானை அமுக்கினாள்.

"மேடம், கேக்குதா? இப்பத் திறக்கலாமா?"

அவள் பேச்சு எப்போதுமே கடைசியில் தேய்ந்துபோகும். அன்றைக்கு விரலும் அதோடு சேர்ந்து தளர்ந்தது. முன்பாதியை மழை கரகரவென்று அரித்துவிட்டது. பின்பாதியில் பொத்தான் விட்டுப்போயிற்று. கடைசி 'ஆ' மட்டும் அறைக்குள்ளேயே விழுந்தது.

"சரிங்க மேடம்" என்றது வாக்கி. பேச்சிமுத்துவின் குரல்.

எதற்குச் சரி என்கிறார் என்று ஜெபராணி யோசித்தாள். அப்போது மேடையில் மோட்டார் உறுமியது.

அறையின் தரை அதிர்ந்தது. ஜன்னலுக்கு ஓடினாள். முதல் ஷட்டரின் அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டுக் கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் வாயை மூடிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரேயடியாக இரைந்தது. ஆற்றின் பாறைகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. வெள்ளம் வளைவை நோக்கி ஓடியது.

ஜெபராணிக்குக் காது அடைத்துப் போயிற்று.

"திறந்தாச்சா? நல்லதாப் போச்சு" என்றான் ரத்தினவேல்.

"நான் சொல்லல்ல."

"திறக்கலாம்னு சொன்னீங்களே மேடம்."

"சொல்லல்ல. கேட்டேன்."

"எனக்குச் சொன்ன மாதிரிதான் கேட்டுச்சு."

பாலத்தின் நடுவில் ஆவுடையக்கா. சுற்றிலும் நாற்றுக்கட்டும் தூக்குச்சட்டியுமாகப் பெண்கள். இந்தத் தண்ணீர் வளைவைத் தாண்டி அங்கே போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் அவளுக்குத் தெரிந்த கணக்குதான். தெரியாமல் இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

வாக்கியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"பேச்சிமுத்து அண்ணாச்சி, மூடுங்க."

வாக்கி கொஞ்ச நேரம் இரைந்தது. "என்ன மேடம்? இப்பத்தான திறக்கச் சொன்னீங்க?"

"மூடுங்க அண்ணாச்சி. உடனே மூடுங்க."

ரத்தினவேல் குறுக்கே வந்தான். அவன் முகமும் வெளுத்திருந்தது. "மேடம், மூடாதீங்க. இந்த வரத்துக்கு மூடினா கரை தாங்காது. கரை போச்சுன்னா பாலம் இல்ல, ஊரே இல்ல."

அவன் பொய் சொல்லவில்லை. அந்தப் பயத்துக்கும் நியாயம் இருந்தது.

"கரைக்கு இன்னும் நேரம் இருக்கு."

"எனக்கென்னமோ இல்லன்னு தோணுது."

"தோணட்டும். கணக்கு எனக்குத் தெரியும்."

வாக்கி மறுபடியும் பேசியது. "மேடம், தப்பா நினைக்காதீங்க. ரத்தினவேல் சார்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கிடட்டா?"

ரத்தினவேல் கையை நீட்டினான். பறிக்கிற கை இல்லை. குடுங்க, நான் பேசுதேன் என்கிற கை. இத்தனை வருஷமாக எத்தனையோ கூட்டங்களில் அவளிடமிருந்து வாங்கிக்கொண்ட அதே கை.

ஜெபராணி கொடுக்கவில்லை. பொத்தானை நகம் வெளுக்க அமுக்கினாள்.

"அண்ணாச்சி, நான் ஜெபராணி பேசுதேன். பாலத்துல ஆளு நிக்கி. ஷட்டர மூடுங்க."

விரலை எடுக்கவில்லை. எல்லாம் சொல்லி முடித்த பிறகும் எடுக்கவில்லை. ரத்தினவேல் மெதுவாக, "விடுங்க மேடம், விட்டாத்தான் அவர் பேச முடியும்" என்றான்.

விட்டாள்.

"மூடுதேன் மேடம்" என்றார் பேச்சிமுத்து.

ஷட்டர் இறங்கியது. ஏறும்போது இருந்த அவசரம் இறங்கும்போது இல்லை. அங்குலம் அங்குலமாக, கிழவன் படியிறங்குகிற மாதிரி இறங்கியது. ஒருவழியாக இரைச்சல் நின்றது. ஆனால் திறந்த நேரத்தில் போன தண்ணீர் போய்க்கொண்டேதான் இருந்தது. அதை நில் என்று சொல்ல எந்த வாக்கியும் கிடையாது.

"சங்க நிறுத்தாம ஊதுங்க" என்றாள்.

ரத்தினவேல் ஊதினான்.

"மேடம், கேக்குதா? மேடம், தண்ணி வருது. மேட்டுக்குப் போங்க. மேடம்."

வாக்கியில் மழை மட்டும் பெய்தது.

அந்தக் காத்திருப்பைப் பற்றி ஜெபராணி பின்னாளில் யாரிடமும் பேசியதில்லை. கண்ணை மூடினால் பாலத்தில் மிதக்கிற நாற்றுக்கட்டு தெரிந்தது. திறந்தால் கோடு தெரிந்தது. ஆண்டவரே, ஆண்டவரே என்று உதடு அதன் பாட்டுக்கு முணுமுணுத்தது. தண்ணீர் கோட்டுக்கு நாலு விரல் கீழே வந்துவிட்டது.

"மேடம், கோடு" என்றான் ரத்தினவேல்.

"பாத்தேன்."

"திறக்கணும் மேடம்."

"அக்கா சொல்லட்டும். இன்னும் கொஞ்சம் தாங்கும்."

"எவ்வளவு தாங்கும்?"

சொன்னாள். பல் கிட்டி, வார்த்தை குழறித்தான் வந்தது. ஆனால் எவ்வளவு என்பதைத் தெளிவாகச் சொன்னாள். அதற்குமேல் ஒரு கணம்கூட அவளால் காக்க முடியாது என்பதும் அதில் இருந்தது. அதற்குள் குரல் வராவிட்டால், பாலத்தில் யார் நின்றாலும் திறந்தாக வேண்டும். ரத்தினவேலுக்கும் அது புரிந்தது. அவன் சங்கிலிருந்து கையை எடுக்காமல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வாக்கி கரகரத்தது.

"ஜெபா."

அவள் வாக்கியைக் காதோடு ஒட்டிப் பிடித்தாள்.

"ஜெபா, பாலத்துல யாரும் இல்ல. எல்லாரும் மேட்டுல நிக்கோம்."

ஜெபராணி மீதிக்குக் காத்திருந்தாள். திற என்று ஒரு சொல் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. குரு அதோடு நிறுத்திக்கொண்டாள்.

"அண்ணாச்சி, முதல் ஷட்டரத் திறங்க" என்றாள் ஜெபராணி.

"சரிங்க மேடம்."

இந்த முறை அவர் யாரையும் கேட்கவில்லை.

ஒவ்வொன்றாக எல்லா ஷட்டரும் திறந்தன. தண்ணீர் கோட்டுக்கு இரண்டு விரல் கீழே வந்து நின்றது. நின்று, யோசித்து, இறங்கத் தொடங்கியது. மண்கரை நின்றது. ரத்தினவேல் முகத்தைத் துண்டால் அழுத்தித் துடைத்துவிட்டு, எல்லோருக்கும் டீ சொல்லி வருகிறேன் என்று வெளியே போனான். ஜெபராணி சுவரோரமாகத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

மழை கொஞ்சம் விட்டு, ரத்தினவேல் ஷட்டர் மேடைக்குப் போயிருந்தபோது ஆவுடையம்மாள் வந்தாள். இடுப்புவரை நனைந்து, கால் முழுக்கச் சேறு. முழங்காலில் சிராய்ப்பு. ஒரு செருப்பைக் காணோம். மேசைமேல் ஆறிக்கொண்டிருந்த டீயை எடுத்து ஒரு மிடறு குடித்தாள்.

"யாருக்கும்..." என்றாள் ஜெபராணி.

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. நாத்தும் ரெண்டு சைக்கிளும் போச்சு."

"தண்ணி எவ்வளவுக்கா வந்துச்சு?"

"முட்டிக்கு மேல. பாலத்துல பாதித் தூரத்துல மாட்டிக்கிட்டோம். ஒருத்தி கைய ஒருத்தி கோத்துக்கிட்டு நின்னோம். இன்னும் ஒரு சாண் ஏறியிருந்தா காலு தரிச்சிருக்காது. தண்ணி அங்கனயே நின்னுட்டு, அப்புறம் இறங்கிட்டு." டீயை இன்னொரு மிடறு குடித்தாள். "அதுக்கப்புறம் அவளுவள விரட்ட வேண்டிய வேலையே இல்ல. ஓடிட்டாளுவ."

ஜெபராணி அழுதாள். அடக்கி வைத்ததெல்லாம் சேர்த்து அழுதாள்.

"அது நான் விட்ட தண்ணிக்கா."

"தெரியும். வாக்கியில அரகுறையாக் கேட்டுச்சு."

"நான் உங்களக் கேட்டேன்கா. திறக்கலாமான்னு கேட்டேன். கேட்டது உத்தரவாப் போயிட்டு. நீங்க அங்கன நிக்கும்போது... உங்க பிள்ளைங்களுக்கு நான் என்ன பதில் சொல்லியிருப்பேன்?"

ஆவுடையம்மாள் பேசவிட்டாள்.

"எனக்கு இந்தப் பொறுப்பு வேண்டாம்கா. நாளைக்கே மேலிடத்துல சொல்லிருங்க. ரத்தினவேல் இருக்கட்டும். பயம் எப்பப் போகும்னு நேத்துக் கேட்டேன். நீங்க பதில் சொல்லல்ல. நானே சொல்லுதேன், போகாது. இன்னைக்குப் பட்ட பயம் நான் குழிக்குள்ள போற வரைக்கும் போகாது."

"மூடச் சொல்லும்போது பயம் இருந்துச்சா?"

"அப்பத்தான்கா ரொம்ப இருந்துச்சு. வாக்கியப் பிடிச்சிருக்கது என் கைதானான்னே தெரியல்ல."

"ரத்தினவேல் என்ன சொன்னான்?"

"மூடாதீங்கன்னு சொன்னான்."

"பேச்சிமுத்து?"

"சாரக் கேக்கணும்னாரு."

"நான் என்ன சொன்னேன்?"

"நீங்க எங்கக்கா சொன்னீங்க? வாக்கிதான் எடுக்கவே இல்லையே."

ஆவுடையம்மாள் டம்ளரை மேசையில் வைத்தாள். ஈரச் சேலையோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டாள். பிறந்த வீட்டில் அப்பாவும், புகுந்த வீட்டில் மாமியாரும், பிறகு புருஷனும், எதிரில் நிற்க வைத்து ஜெபராணியைக் கேட்டுக் கேட்டுத் தலைகுனிய வைத்த கேள்வி ஒன்று உண்டு. எல்லா வீட்டிலும் உண்டு. அந்தக் கேள்வியை, அதே அதட்டலோடு, ஆவுடையம்மாள் கேட்டாள்.

"யாரக் கேட்டுட்டி மூடச் சொன்ன?"